சாட்சிக்கு வந்த பீர்ப் பெட்டி

கலம்பின் ஊரில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஓடிய பேச்சு இது: லயனல் ட்ரெம்பாத் ஜெயிலுக்குப் போகாமல் தப்பியதற்குக் காரணம், அவருடைய வக்கீலம்மா கோர்ட்டில் இருந்த சாட்சியைக் குடித்துவிட்டதுதான்.

சாட்சியைக் கலைத்தவர்கள் உண்டு, மிரட்டியவர்கள் உண்டு, விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. குடித்தவர் என்று இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இந்த வழக்கில் சாட்சியே ஒரு பெட்டி பீர்தான் என்பதால் பேச்சுக்குக் கைகால் முளைத்தது. பாரில் விசாரித்தால், முடிவெட்டும் மேவிஸ் சொன்னதாகச் சொன்னார்கள். மேவிஸைக் கேட்டால், பாரில் கேட்டதாகச் சொன்னார். வட்டமாக ஓடுகிற பேச்சுக்கு வால் எங்கே, தலை எங்கே? அதனால் பேச்சை விட்டுவிட்டு, கோர்ட்டில் நிஜமாகவே உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டபோது, பீரைவிடப் பயம்தான் அதிகமாகக் கிடைத்தது.

லயனலை ஊரில் யாரும் லயனல் என்று கூப்பிடுவதில்லை. புழுதி என்பார்கள். கவுன்சிலில் கிரேடர் ஓட்டுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயிற்றுக்கடியில் இரண்டு ஆள் நீளத்துக்குப் பிளேடை வைத்துக்கொண்டு மண்சாலைகளைச் சீவிச் சமன்செய்கிற மஞ்சள் வண்டி அது. முப்பது வருஷமாக அதே வேலை. எதிரே எந்த வண்டி வந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். எதிரே வருகிறவரும் ஒரு விரல் தூக்குவார். கலம்பினில் அதற்குப் பெயர் வணக்கம். இரண்டு விரல் தூக்கினால் தேர்தலில் நிற்கப் போகிறான் என்று சந்தேகப்படுவார்கள். மனைவி கிளெனிஸ் பள்ளிக்கூட கேண்டீனில் வேலை செய்கிறார். லயனல் இளவட்டமாக இருந்தபோதே ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையில் சேர்ந்தவர். வாழ்க்கை மொத்தமும் இவ்வளவுதான். இதில் ஒரு வக்கீல் நுழைவதற்குப் போன டிசம்பர் வரை இடுக்கே இல்லை.

அந்தப் பக்கத்தில் டிசம்பர்தான் கடுங்கோடை. அந்த நாள் விடிந்ததிலிருந்து வடக்குக் காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி அடித்தது. வயலெல்லாம் பார்லி முற்றி நின்றது. மத்தியானம் தீத்தடை அறிவித்தார்கள். தீத்தடை என்றால் வெளியே பொறி பறக்கக்கூடிய எதுவும் ஓடக்கூடாது. கிரேடரின் பிளேடு கல்லில் உரசினால் பொறி பறக்கும். லயனல் அப்போது வெர்ன் ஷிர்மரின் வயலை ஒட்டிய சாலையில் இருந்தார். ரேடியோவில் திரும்பி வரச் சொன்னார்கள். பிளேடைத் தூக்கிக்கொண்டு டெப்போவுக்குத் திரும்பினார். டீக்குக் கெண்டியில் தண்ணீர் வைத்தார். ஜன்னலில் ஷிர்மர் பக்கம் புகை தெரிந்தது.

தண்ணீர் லாரியில் முதல் ஆளாகப் போனவரும் அவர்தான். இருட்டுவதற்குள் அணைத்தார்கள். அதற்குள் ஷிர்மரின் அறுக்காத பார்லி, கொட்டகை, மூலையில் ஒதுங்கிய ஆடுகள் எல்லாம் போய்விட்டன. கரி முகங்களோடு எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது யாரோ சாதாரணமாகக் கேட்டார்.

"புழுதி, மத்தியானம் நீ அந்த ரோட்லதானே இருந்த?"

"ஆமா. பிளேடத் தூக்கிட்டுத்தான் வந்தேன்."

சொன்ன பிறகுதான் சந்தேகம் வந்தது. தூக்கினோமா? முப்பது வருஷமாகத் தூக்கிய கைக்கு ஆயிரம் தடவை தூக்கியது ஞாபகம் இருந்தது. அன்றைக்குத் தூக்கியதை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க முடியவில்லை. அரைகுறையாகத் தூக்கி, ஒரு முனை தரையை உரசிக்கொண்டே வந்திருந்தால்? அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு பெட்டி பீர் வாங்கிக்கொண்டு ஷிர்மர் வீட்டுக்குப் போனார்.

கலம்பினில் ஆண்களின் வாய்க்கு வராததையெல்லாம் பீர்ப் பெட்டிதான் பேசும். சேற்றில் மாட்டிய வண்டியை இழுத்துவிட்டால் ஒரு பெட்டி. இரவல் ஏணியை உடைத்தால் ஒரு பெட்டி. அப்பா செத்தால் ஒரு பெட்டி, பேத்தி பிறந்தால் ஒரு பெட்டி. நன்றி, மன்னிப்பு, துக்கம், சந்தோஷம் எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைப்பெட்டி. உள்ளே இருப்பது எது என்று கொடுப்பவர் சொல்ல மாட்டார், வாங்குபவர் கேட்க மாட்டார். கேட்டால் இரண்டு ஆம்பிளைகள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டிவரும். அதைவிடக் காட்டுத்தீ தேவலை.

"வெயிலு," என்றார் லயனல்.

"ஆமா, வெயிலு."

"ஆடு எத்தனை போச்சு?"

"எண்ணல."

"இத வச்சுக்க, வெர்ன்."

"சரி."

பேச்சு அவ்வளவுதான். கலம்பின் கணக்குப்படி இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுத மாதிரி.

இது இன்ஷூரன்ஸ் ஆளுக்குத் தெரியாது. அவர் நகரத்துக்காரர். வெள்ளைச் சட்டையில் கரி படாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைப்பத்தி யாராவது உங்ககிட்டப் பேசினாங்களா?" என்று ஷிர்மரைக் கேட்டார். "யாரும் பேசல. புழுதி மட்டும் ஒரு பெட்டி கொண்டாந்து வச்சான்," என்றார் ஷிர்மர். "ஏன் வச்சார்?" என்று கேட்டார் வெள்ளைச் சட்டை. கேட்கக்கூடாத கேள்வி அது. ஷிர்மர் முதல்முறையாக யோசித்தார். யோசிக்க ஆரம்பித்தால் எரிந்த பார்லியில் எதுதான் முளைக்காது?

விஷயம் போலீஸுக்குப் போய், சார்ஜெண்ட் டாட் யென்ஷிடமிருந்து லயனலுக்கு போன் வந்தது. கால்பந்து மைதானத்தில் வாராவாரம் லயனலோடு சேர்ந்து நின்று சாஸேஜ் வாட்டுகிறவர் இந்த டாட்.

"புழுதி, ஸ்டேஷன் பக்கம் வந்துட்டுப் போயேன். சும்மா ஒரு பேச்சுத்தான்."

போனார். டாட் நேர்மையான ஆள். சொல்ல வேண்டியதை ஒழுங்காகவே சொன்னார்: பேசாமல் இருக்கலாம், வக்கீலைக் கூப்பிடலாம், பேசினால் பதிவாகும். "என்ன, வக்கீல் வேணுமா?"

"உங்கிட்டப் பேச எனக்கு எதுக்குடா வக்கீலு?"

கலம்பின்காரரால் மட்டுமே செய்ய முடிந்த தப்பு இது. கூட நின்று சாஸேஜ் வாட்டுகிறவன் எதிரே வக்கீலைக் கூப்பிடுவது, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை மோந்து பார்க்கிற மாதிரி. மரியாதையா அது? ஆகவே மரியாதைக்காகப் பேசினார். டீ வந்தது. டீக்காகவும் பேசினார்.

"பிளேடு மேலதான் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறியா?"

"இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா?"

"வெர்னுக்கு நடந்தத நெனச்சா மனசு கேக்கல டாட். அதான் பெட்டியக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

டாட் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்த வாரம் ஷிர்மர் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப்போனார். பின்னாலேயே குற்றச்சாட்டு வந்தது: தீத்தடை நாளில் அஜாக்கிரதையாக இயந்திரம் ஓட்டி நெருப்பு உண்டாக்கியது. நிரூபணமானால் ஜெயில் உண்டு. வேலை போவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லயனலுக்குத் தெரிந்த ஒரே வக்கீல் பெத்தரிக். உயில் எழுதுவார், நிலம் கைமாற்றித் தருவார். லயனல் கதவைத் திறந்து "எம்மேல கேஸு..." என்று ஆரம்பித்ததும் பெத்தரிக் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லாத! ஷிர்மர் குடும்பத்துக்கும் நான்தான் வக்கீலு. நீ ஒரு வார்த்த சொன்னாலும் எனக்குச் சிக்கலு, உனக்குச் சிக்கலு. வெளிய போ புழுதி. கோவிச்சுக்காத. கிளெனிஸுக்கு என் அன்பச் சொல்லு."

அடுத்தது நகரத்து வக்கீல். பேருந்துகளின் முதுகில் விளம்பரப் படமாகச் சிரித்துக்கொண்டே ஊர் சுற்றுகிற முகம். கண்ணாடிச் சுவர் வைத்த ஆபீஸ். லயனல் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் திறந்தார்.

"கவலையே படாதீங்க! இதைவிடப் பெரிய நெருப்பையெல்லாம் நான் ஊதி அணைச்சிருக்கேன். ஜெயிலா? பேச்சுக்கே இடமில்ல. என்கிட்ட விட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க."

லயனலுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ நாள் கழித்து மூச்சு அடிவயிறு வரை போனது. கூடவே இருந்து எல்லாம் கேட்ட கிளெனிஸ், வெளியே வண்டிக்கு வந்ததும் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவரையே வச்சுக்குவோம் கிளென். எவ்வளவு தைரியம் சொல்றாரு!"

"உன்ன ட்ரெவர்னு கூப்பிட்டாரு. கவனிச்சியா?"

"வாய் தவறியிருக்கும்."

"மூணு தடவையா? அவரு ட்ரெவரத்தான் காப்பாத்துவாரு. நீ ஜெயிலுக்குப் போவ."

மூன்றாவது ஆள் துறைமுக ஊரில், மீன் வறுக்கிற கடைக்கு மேல்மாடியில் இருந்தார். டெஸ்பினா கரிடிஸ். கிரிமினல் வழக்கு மட்டும்தான் பார்ப்பார். மாடிப்படியெல்லாம் எண்ணெய் வாசம். லயனல் உட்கார்ந்ததும், "மேடம், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்றார்.

"நிறுத்துங்க. அன்னிக்கு நடந்தது அப்புறம். அதுக்கப்புறம் யார் யார்கிட்ட என்னென்ன பேசினீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகம் புளித்த திராட்சையைக் கடித்த மாதிரி ஆனது. டீ வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். பெட்டி வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் ஜெயிலுக்குப் போவேனா?"

"போகலாம். போகாமலும் இருக்கலாம். இப்பவே சொல்றவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட லாட்டரி நம்பரும் கேட்டுக்குங்க. என்ன செய்வேன், எவ்வளவு ஆகும், எப்ப என்ன நடக்கும், இது மட்டும்தான் நான் சொல்ல முடியும்."

படியிறங்கிய பிறகுதான் லயனல் வாயைத் திறந்தார்.

"இந்தம்மா வேணாம் கிளென். பயமுறுத்துது."

"பயப்பட வேண்டியதுக்குத்தானே பயமுறுத்துது? அந்தாளு அதுக்குச் சிரிச்சான். இவதான் நம்ம வக்கீலு."

டெஸ்பினாவின் விதி ஒன்றுதான்: கேஸைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது. ஷிர்மரிடம் கூடாது, டாட்டிடம் கூடாது, தீயணைப்புப் படையில் கூடாது, கசாப்புக்கடையில் கூடாது. கேட்க எளிது. கலம்பினில் பேசாமல் இருப்பவன் ஒன்று செத்தவன், இல்லையென்றால் செய்தவன். ரொட்டிக்கடையில் "என்ன புழுதி, கேஸு எப்படிப் போகுது?" என்றால் "வெயிலு" என்றார். மழை கொட்டிய நாளிலும் அதையே சொன்னார். சூப்பர் மார்க்கெட்டில் டாட் எதிரே வந்து "எப்படி இருக்க?" என்றபோது, தள்ளுவண்டியைப் பாலும் முட்டையுமாக நடுவழியில் விட்டுவிட்டு ஓடினார். குசலம் விசாரிப்பதுகூட இப்போது பதிவாகுமோ என்று பயம்.

கவுன்சில் அவரைக் கிரேடரிலிருந்து இறக்கிப் பூங்காப் புல் வெட்ட அனுப்பியது. சாலையில் விரல் தூக்கினால் சில வண்டிகளிலிருந்து பதிலுக்கு விரல் எழவில்லை. எழாத விரல்களை எண்ணவே கூடாது என்று நினைத்துக்கொண்டு எண்ணினார். சட்டை தொளதொளவென்று ஆயிற்று. கோர்ட்டுக்குப் போடக் கிளெனிஸ் எடுத்துவைத்த கோட்டை அலமாரியில் பார்க்கும்போதெல்லாம், யாரோ உள்ளே தூக்கில் தொங்குவது போலிருந்தது.

வழக்குக்கு முந்தின வாரம் மீன் கடை மாடியில் அவர் உடைந்துபோனார்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். பிளேடு மேல இருந்துச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. ஞாபகமே இல்ல. அப்படித்தான் எரிஞ்சுதோன்னு..." நாற்காலியை முன்னால் இழுத்தார். "கூண்டுல ஏறி, தூக்கினேன், நல்லா ஞாபகம் இருக்குன்னு சொல்லிடட்டுமா? ஒரு வார்த்த. எல்லாம் முடிஞ்சிரும்."

டெஸ்பினா ஜன்னலைச் சாத்தினார்.

"சொல்லுங்க. ஆனா வேற வக்கீல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. பொய்னு தெரிஞ்சே உங்களக் கூண்டுல ஏத்த என்னால முடியாது."

"அப்ப நான் செத்தேன்."

"இன்னும் இல்ல. தெரியாதுங்கறதுதான் உண்மைன்னா, நீங்க கூண்டுல ஏறவே வேணாம். நெருப்பு உங்களாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க. வரலன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க இல்ல. இந்த ஊருக்கு அது பிடிக்காது. சட்டம் அப்படித்தான்."

மாதம் ஒருமுறை கலம்பினுக்கு வருகிற மாஜிஸ்திரேட் வந்தார். கோர்ட்டில் நிற்க இடமில்லை. கிளெனிஸ் முன்வரிசையில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் பிளாஸ்டிக் பைக்குள் பீர்ப் பெட்டி. ஒரு பக்கம் கிழிந்து, சில பாட்டில்கள் குறைந்திருந்தன. லயனல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் வாங்கிக் கொடுத்ததே தனக்கு எதிராக வாயைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

நெருப்பு நிபுணர் சொன்னார்: சாலையோரப் புல்லில் ஆரம்பித்திருக்கிறது. கிரேடராக இருக்கலாம். அதற்கு முன்னும் பின்னும் போன வேறு வண்டியாக இருக்கலாம். மேலே காற்றில் மோதிக்கொண்ட மின்கம்பியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு 'இருக்கலாமு'க்கும் லயனல் கிளெனிஸைத் திரும்பிப் பார்த்தார். ஷிர்மரைக் கூண்டில் ஏற்றிப் பெட்டி ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டார்கள். "போலீஸ் வர லேட்டாச்சு. நல்ல வெயிலு," என்றார்.

பிறகு டாட். டெஸ்பினா எழுந்தார்.

"சார்ஜெண்ட், இந்தப் பெட்டி எதைக் காட்டுது?"

"தப்ப ஒத்துக்கிட்டத."

"நீங்க இந்த ஊர்ல யாருக்காவது பீர்ப் பெட்டி குடுத்திருக்கீங்களா?"

"குடுத்திருக்கேன்."

"கடைசியா யாருக்கு?"

டாட் பின்வரிசையைப் பார்த்தார். "பெத்தரிக்குக்கு. அவரு சம்சாரம் தவறினப்போ."

"அந்தம்மாவ நீங்கதான் கொன்னீங்களா?"

கோர்ட் அதிர்ந்து சிரித்தது. பெத்தரிக்கே வாயைப் பொத்திக்கொண்டார். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். மாஜிஸ்திரேட், "கேள்விய மரியாதையா மாத்திக் கேளுங்க, மிஸ் கரிடிஸ்," என்றார். மாற்றிக் கேட்டார்.

"அது துக்கத்துக்குக் குடுத்த பெட்டி. சரி. இது எதுக்குக் குடுத்த பெட்டின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

டாட் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் லயனல். அவருக்குச் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அது இப்போதாவது சொல்லிவிடும் என்பது போல.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி மாஜிஸ்திரேட் வழக்கைத் தள்ளினார். கிளெனிஸ் அப்போதுதான் கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார்.

கோர்ட் குமாஸ்தா பெட்டியைக் காட்டி, "இது யாரோடது? எடுத்துட்டுப் போங்க," என்றார். ஷிர்மர் லயனலைப் பார்த்தார். லயனல் அதைத் தொட்டால் கை வெந்துவிடும் போல இரண்டடி பின்னால் போனார். ஷிர்மரும் தொடவில்லை. கடைசியில் டெஸ்பினாதான் அதை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். வாசலில் நின்ற ஊர் அதைப் பார்த்தது. பேச்சு பிறந்த இடம் அதுதான். சாட்சியை யாரும் குடிக்கவில்லை. அந்த அம்மா பீரே குடிக்கமாட்டார். ஊர் திரும்பும் வழியில் ஷிர்மர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். யாருக்குக் கொடுத்ததோ அவருக்குத்தானே சொந்தம்? போலீஸ் ஒட்டிய சீட்டோடு அது இன்னும் ஷிர்மர் வீட்டுத் துணிதுவைக்கிற அறையில்தான் இருக்கிறது.

அதற்கு முன்னால் கார் நிறுத்தத்தில் நடந்ததை ஊர் பார்க்கவில்லை. ஷிர்மர் லயனல் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேஸு முடிஞ்சிருச்சு. இப்பவாவது சொல்லு. மேல இருந்துச்சா?"

லயனல் பழக்கதோஷத்தில் டெஸ்பினாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் காரில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். தடுக்க ஆளில்லை.

"தெரியல வெர்ன். சத்தியமாத் தெரியல."

ஷிர்மர் கார்ச் சாவியை எடுத்தார்.

"சரி," என்றார். அன்றைக்குப் பெட்டியை வாங்கிக்கொண்டபோது சொன்ன அதே "சரி". உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. லயனலும் கேட்கவில்லை.

லயனல் மறுபடி கிரேடரில் ஏறிவிட்டார். பிளேடைத் தூக்கும்போதெல்லாம் "மேல" என்று உரக்கச் சொல்கிறார். சொல்லிவிட்டு இறங்கி, குனிந்து பார்க்கிறார். ஏறினபிறகு சந்தேகம் வந்தால் இன்னொருமுறை இறங்குகிறார். சாலையில் விரல்கள் பெரும்பாலும் எழுகின்றன. ஷிர்மரின் விரல் சில நாள் எழும், சில நாள் எழாது.

டெஸ்பினாவின் கட்டணமெல்லாம் எப்போதோ கட்டியாகிவிட்டது. ஆனால் கலம்பின் வழக்கப்படி, இவ்வளவு பெரிய சேற்றிலிருந்து இழுத்துவிட்டவருக்கு ஒரு பெட்டியாவது கொடுத்தாக வேண்டும். அவர் பீர் குடிக்கமாட்டார் என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமைகளில் லயனல் மதுக்கடைக்குப் போகிறார். ஒரு பெட்டியைத் தூக்குகிறார்.

"வக்கீலம்மாவுக்கா புழுதி?" என்று கேட்கிறாள் கல்லாவில் இருக்கிற பெண், சும்மாதான்.

லயனல் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்க்கிறார். யார் யார் இருக்கிறார்கள், யார் இதை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்?

"வெயிலு," என்று சொல்லிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைக்கிறார்.